சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று

மேசையின் ஒரு முனையில் அல்பேட், வாவிப் பக்க யன்னலோரம் மனைவி பீற்றிஸ், நடுவில் பேனையோடு மகள் ஜூலி.

கனடாவிலிருக்கும் மகன் அன்ரோவுக்கு வாட்ஸ்அப் பேச்சில் நம்பிக்கையில்லை. வீட்டில் ஒருவரும் புகையிலை தொடுவதில்லை என்று தாயும் தகப்பனும் ஒப்பமிட்ட கடிதம் போனால்தான் பேத்தியின் ஞானஸ்நானம் மட்டக்களப்பில் நடக்கும்.

அல்பேட் சிகரெட்டை விட்டுப் பத்தொன்பது நாள். நாக்குக் கெஞ்சியது.

“சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டே ஒண்டு எண்டு எழுதன், புள்ள.”

பீற்றிஸ் வாயைத் திறக்கவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஒண்டும் இல்லையாம், அப்பா.”

“நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும்?”

மறுபடியும் தலை ஆடியது.

“அரைவாசி?”

இந்த முறை விரலும் சேர்ந்து ஆடியது.

“அம்மா சரிதான். இண்டைக்கு அரைவாசி எண்டால் நாளைக்கு முழுப் பெட்டி,” என்றாள் ஜூலி.

அல்பேட் பெருமூச்சோடு ஒப்பமிட்டார். பீற்றிஸும் ஒப்பமிட்டு, உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். உறையின் ஓரம் செக்கச்செவேலென்று சிவந்தது. நடுவில் ஒரு புகையிலைத் துணுக்கு.

முப்பது வருட வெற்றிலை வாய். அதற்குள் புகையிலையும் இருப்பதை வீட்டில் ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

பீற்றிஸ் யன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து முதன்முதலாகப் பேசினாள். “இது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய்தானே!”

அல்பேட் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“ஒரு வாயும் இல்லையாம், அம்மா.”

வெற்றிலைத் தட்டிலிருந்த புகையிலை குப்பைக்குப் போனது. கடிதம் புது உறைக்குள் போனது. உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அல்பேட் தன் கையாலேயே தபாலில் போட்டார்.