சீல் வைக்காத ஆப்பிள்

“இன்னும் ஆறு மணி நேரம் இருபது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள முப்பத்தாறு ஆப்பிளும் கறுப்பாகணும். பேச்சைக் குறைச்சுக்கிட்டுக் கிண்டு,” என்றாள் இர்மா நோவாக்.

“பேசறது நீங்கதான்,” என்றாள் டார்லீன்.

அடுப்பில் சர்க்கரைப்பாகு கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வெப்பமானி இருநூற்றுத் தொண்ணூறு ஃபாரன்ஹீட்டைக் காட்டியது. முந்நூறில் இறக்க வேண்டும். முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். மேசையில், மெழுகு போக வெந்நீரில் துடைத்த ஆப்பிள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் குச்சிக்குப் பதிலாகத் தோட்டத்தில் ஒடித்த கோணல் சுள்ளி. பிடித்தால் சூனியக்காரியின் விரலைப் பிடித்த மாதிரி இருக்க வேண்டுமாம்.

மாலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு இனிப்பு வாங்கும் ஹாலோவீன் பார்ட்டி. இருபது வருடமாக அங்கே நடுமேசை இர்மாவின் ஆப்பிள்களுக்குத்தான். பக்கத்து வீட்டு டார்லீன் அன்று மட்டும் விடுப்புப் போட்டுவிட்டு உதவிக்கு வந்துவிடுவாள். இது ஏழாவது வருடம்.

“எதுக்குத்தான் இங்க வந்து வேகறியோ. உனக்கு இனிப்பே ஆகாது,” என்றாள் இர்மா.

“சொல்றேன். ஒரு நாள் சொல்றேன்.”

“இதையேதான் போன வருஷமும் சொன்னே.”

டார்லீனின் மகள் மிண்டி உள்ளே வந்தாள். பன்னிரண்டு வயது. கிழிந்து தைத்த பிணமாக வேஷம். கன்னத்திலும் கழுத்திலும் தையல்கள். தட்டில் சிந்தி இறுகியிருந்த கறுப்புச் சில்லை எடுத்து வாயில் போட்டாள்.

வாசல் மணி அடித்தது. ஷெரில். பார்ட்டிக் குழுவின் புதுத் தலைவி. இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

“அட, பிணம் பிரமாதம்,” என்றாள் மிண்டியிடம். “முகத்துல இருக்கறது மைன்னு தெரியுது. ஆனா மணிக்கட்டுல இருக்கற தையல் நிஜம் மாதிரியே இருக்கு. யார் போட்டது?”

“ரொம்பப் படிச்ச ஒருத்தர்,” என்றாள் மிண்டி.

ஷெரில் சிரித்தாள். பிறகு ஆப்பிள்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“மிஸஸ் நோவாக், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நேத்துக் கூட்டத்துல முடிவாச்சு. கடையில வாங்கின, சீல் வச்ச பாக்கெட் மட்டும்தான். வீட்டுல செஞ்சது எதுவும் வேண்டாம்னு.”

“முப்பத்தாறு செய்யறேன்,” என்றாள் இர்மா.

“உங்களைச் சொல்லல. ஆனா ஆப்பிளுக்குள்ள பிளேடு, ஊசின்னு எங்கெங்கயோ கேள்விப்படறோம். சின்னப் பசங்க. நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா...”

“அப்போ என் நெத்தியில ஒரு சீல் குத்திட்டுப் போ.”

யாரும் சிரிக்கவில்லை. இர்மா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

“வருஷத்துல ஒரு நாள்தான் இந்த ஊர்ப் பசங்களுக்கு என் பேர் ஞாபகம் வருது,” என்றாள் சுவரைப் பார்த்து. “சரி, போகட்டும்.”

டார்லீன் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

“ஷெரில், நீங்க பயப்படறது தப்பில்ல. நானும் பயந்தவதான். அப்போ இந்த ஊருக்கு வந்து மூணே வாரம். மிண்டிக்கு அஞ்சு வயசு. பக்கத்து வீட்டுல யாரோ ஒரு அம்மா இவ கையில கறுப்பா ஒரு ஆப்பிளைக் குடுத்தாங்க. கடிக்கப் போனா, பிடுங்கிட்டேன். ஆஸ்பத்திரியில அப்போ ஹாலோவீன் இனிப்பை எல்லாம் இலவசமா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க இல்லையா? அங்க போய் வரிசையில நின்னேன்.”

இர்மா மெல்லத் திரும்பினாள்.

“என் ஆப்பிளையா?”

“உங்க ஆப்பிளைத்தான்.”

“வாசல்ல நின்னு, சிரிச்சுக்கிட்டே நன்றி சொல்லி வாங்கிட்டுப் போனியே.”

“ஆமா. வருஷா வருஷம் சொல்லிடணும்னுதான் வர்றேன். உங்க முகத்தைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குது.”

இர்மா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

ஷெரில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “எக்ஸ்ரேயில ஏதாவது இருந்துதா?”

“இருந்துது.”

ஷெரில் மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். இர்மாவின் முகம் வெளுத்தது.

“டார்லீன். நான் எதுவும்...”

“ஆப்பிள்ல இல்ல, இர்மா.” டார்லீன் மகளின் இடது கையை எடுத்து, மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மை அழியவில்லை. அது மையே இல்லை, தழும்பு. “பட்டனை அமுக்கற நேரம் பார்த்து இவ, ‘என் ஆப்பிள்’னு ஓடிப் போய்ப் பிடிச்சுட்டா. கையும் சேர்ந்து படத்துல விழுந்துடுச்சு. இவளுக்கு வலியே இல்ல. வீக்கமும் இல்ல. அந்தப் புத்துநோய்க் கட்டியை அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட கேட்டதில்ல. உங்க ஆப்பிளைப் பிடிச்ச கையிலதான் அது இருந்துது.”