கரண்ட் போன ஆராதனை

அந்தமானின் கராச்சர்மா ஊர்ச் சபையில் ஞாயிறு ஆராதனை உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போகிறது. கீபோர்டு அடங்குகிறது, மேடையின் நீல விளக்குகள் அணைகின்றன. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்கிறது. பாஸ்டர் ஜெபசிங் ஓசையற்ற மைக்கைப் பிடித்தபடி நிற்கிறார். முன்வரிசையிலிருந்து மரியசெல்வி ஈர முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறாள். "பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் நேத்து போன போட் இன்னும் திரும்பல. ஜெபம் பண்ணுங்க." அவர் கை பழக்கத்தில் கீபோர்டு பக்கம் அசைகிறது. பின்னால் மெல்லிய இசை எழுந்தால்தான் அவருக்கு ஜெபம் வரும். கீபோர்டு வாசிக்கும் ஸ்டான்லி உதட்டைப் பிதுக்குகிறான். "ஜெனரேட்டரும் கராப், பாஸ்டர். ஓடாது." "கொஞ்சம் பொறும்மா, லைட் வரட்டும்," என்கிறார் ஜெபசிங். சொல்லி முடித்ததும்தான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைக்கிறது. மரியசெல்வி அங்கேயே முழங்காலிடுகிறாள். அவருக்குக் காது மடல்கள் சுடுகின்றன. சபை தன்னைப் பார்ப்பது தெரிகிறது, நிமிர முடியவில்லை. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு அவளருகே மண்டியிடுகிறார். குரல் சின்னதாய் வருகிறது. "ஆண்டவரே, என்கிட்ட ஒண்ணுமில்ல. நீங்கதான் அவரைக் கொண்டுவரணும்." "ஆமென்," என்கிறாள் மரியசெல்வி.