தோபியாஸின் எழுத்துரு

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் கல்லறைத் தகடு செய்யும் அந்தக் கடையின் கணினியில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் குவிந்து கிடந்தன. வேண்டாதவற்றை அழிக்கும் வேலை கிரசியேலாவுக்கு வந்தது. மாதிரிக்கு 'தோபியாஸ்' என்று மகனின் பெயரைத் தட்டினாள். ஒவ்வோர் எழுத்துருவிலும் அந்தப் பெயர் வரிசையாக ஓடியது. ஏழு வயதில் இறந்துபோன மகனின் பள்ளி நோட்டிலிருந்து அவளே செய்த எழுத்துருவைத் தேடினாள். அவன் போய்ப் பத்து வருஷம் கழித்தாவது அவன் கையெழுத்திலேயே ஒரு தகடு வைக்க ஆசை.

கோணல்மாணலான அந்த எழுத்து கண்ணில் படவே இல்லை.

"கண்ணால தேடினா விடிஞ்சிரும்க்கா, எழுத்துருவோட பேரப் போட்டுத் தேடு," என்று மாத்தே தேநீரை உறிஞ்சியபடி சிரித்தான் உடன் வேலை செய்யும் இவோ. "இதோ, இருக்கே!"

கோப்பு அதேதான். தேதியும் மாறவில்லை. எழுத்துகள் மட்டும் சீராக, வேகமாக, வலப்பக்கம் சாய்ந்திருந்தன. வளர்ந்த பையனின் கையெழுத்து.

"எவனோ நோண்டியிருக்கான். உங்கிட்ட வேற நகல் இருக்கா?"

அவள் பையிலிருந்த பென்டிரைவிலும் அப்படியே இருந்தது. சுழிகளில் தோபியாஸுடைய அப்பாவின் கையெழுத்துச் சாயல் தெரிந்தது.

"சரி விடு. பேரு, பொறந்த வருஷம், செத்த வருஷம். தகட்டுல ஏத்திரவா?"

கிரசியேலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்த வருஷத்த எடுத்துடு," என்றாள்.