கொம்புப்புலியின் படம்

கொம்புப்புலிக்கென்று அருங்காட்சியகத்தில் தனி அறையே ஒதுக்கியிருந்தார்கள். சுவர் முழுக்க ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம். உள்ளே படம் இல்லை. ‘காட்டில் இலைக்கு இலை கேமரா இருந்தும் முப்பது வருடங்களில் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே இது கட்டுக்கதை’ என்று கீழே எழுதியிருந்தது.

அந்தக் கேமராக்களைக் கண்காணிக்கும் வேலையிலிருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றாள் மயிலாத்தா. படம் வெளியே போனால் மறுநாளே துப்பாக்கியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று, கேமராவில் விழுந்த புலியின் படங்களையெல்லாம் அழித்தவள் அவள்தான். கடைசியாக அழித்த படத்தில் இரண்டு குட்டிகளும் இருந்தன.

“கண்ணு பூத்துப்போக உழைச்சியே, உன்ற பேரு ஒரு மூலையிலயும் இல்லையே!” என்று குறைப்பட்டார் கணவர் சென்னியப்பன்.

மயிலாத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்த வெற்றுச் சட்டத்தின் முன் நிமிர்ந்து நின்றாள்.

“ஒரு போட்டோ எடுங்க. இது பூராவும் என்ற வேலைதானுங்க.”