தொண்ணூறு டிகிரி

“எங்கே, பதினேழு, கையைத் தூக்குங்க பார்க்கலாம்.”

முப்பத்தொரு வருடம் கழித்து வீடு தேடி வந்தபோதும் பேராசிரியர் அவரை எண்ணால்தான் கூப்பிட்டார். ஆராய்ச்சிக்கு அவர் பெயர் என்றைக்குமே தேவைப்பட்டதில்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினார். தோள் உயரத்துக்கு வந்ததும் கை நின்றது. முகத்தைச் சுளித்தார். சுளிப்பில் நல்ல தேர்ச்சி தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கோணமானியை வைத்துப் பார்த்தாள். “தொண்ணூறு, சார்.”

பேராசிரியர் குனிந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அன்னைக்கு இருந்த அதே தொண்ணூறு. ஒரு டிகிரி கூடலை, குறையலை.”

மறுநாள் அவருக்குப் பணி நிறைவு விழா. அவர் பெரிய மனிதரானதே இந்த ஒரு தோளால்தான். ஊசி, மாத்திரை, கத்தி எதுவும் இல்லாமல், கையால் பிடித்துவிட்டும் பயிற்சி கொடுத்தும் இறுகிப்போன தோள்பட்டையைச் சரிசெய்ய முடியுமா என்று அந்தக் காலத்தில் அவர் ஆராய்ந்தார். இருபத்துநான்கு நோயாளிகள், எட்டு வாரம். இருபத்துமூன்று பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். அதனால் அவர்களை யாருக்கும் நினைவில்லை. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் சிகிச்சை ஐந்து மாதம் நீண்டது. அப்புறம் பேராசிரியர், இது புதுவிதமான தோள் நோய் என்று அறிவித்து, அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். உலகத்தில் இரண்டாவது ஆளுக்கு அந்த நோய் இன்றுவரை வரவில்லை. அதையும் அவர் தன் பெருமைக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

இப்போது அதுதான் வினையாகிவிட்டது. புதிதாக வந்த டாக்டரம்மா ஒருத்தி, அப்படி ஒரு நோயாளி நிஜமாகவே இருந்தாரா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டாளாம்.

“நாளைக்கு நீங்க மேடைக்கு வந்து கையைத் தூக்கணும், பதினேழு. அதாவது, தூக்க முடியாம நிக்கணும். என் மானமே உங்க தோள்லதான் இருக்கு” என்றார் பேராசிரியர்.

பிறகு, பரணிலிருந்து சர்வேயரின் மனைவி இறக்கிவைத்திருந்த பழைய நோட்டைப் பிரித்துத் தடவினார். ஆராய்ச்சி நடந்தபோது நோயாளிகளுக்குப் பிடித்துவிட்டு, அளவெடுத்து எழுதியவள் அவள்தான். பேராசிரியர் நோயாளிகளின் தோளை அதிகம் தொட்டதில்லை. எண்களை மட்டும்தான் தொடுவார்.

“இந்த நோட்டுல ஒரு எழுத்து பொய் கிடையாதும்மா.”

சர்வேயருக்குப் பிடரி வியர்த்தது.

ஆராய்ச்சி நடந்த அந்த நீண்ட அறை அவருக்கு அப்படியே நினைவிருந்தது. பச்சைத் திரை, சுவரில் கப்பியும் கயிறும், விரலால் ஏறுவதற்கு ஆணியடித்த மரப்படிகள். தொடுவதற்கு முன்னால் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். “சில்லுன்னு இருக்கும், பொறுத்துக்கங்க” என்பாள். அவர் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் கை முழுதாக மேலே போயிற்று. ஆனால் கை சரியானவர்களுக்கு அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். ஆகவே அவள் முன்னால் கை போகவில்லை.

கல்யாணம் ஆன அன்றே சொல்லிவிட நினைத்தார். அவளோ அந்த நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்; தன்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்ற பயம் வேறு. நாளைக்குச் சொல்லலாம் என்றே முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் தோளுக்கு மேலே உள்ள கொடி, பல்பு, பரண் எல்லாம் அவள் இலாகா. அவர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக் கையை நீட்டி, பத்து எண்ணிவிட்டு இறக்கிக்கொள்வார்.

பேராசிரியர் படம் பிடித்துக்கொண்டு, நிம்மதியாக விடைபெற்றார்.

அவள் நோட்டைப் பரணில் வைக்க ஸ்டூலில் ஏறினாள். முழங்கால் முன்னைப்போல் இல்லை. ஸ்டூல் ஆடியது. அவள் பிடித்துக்கொண்ட தகரப்பெட்டி பரணிலிருந்து சரிந்தது.

சர்வேயரின் இடது கை அவளைத் தாங்கியது. வலது கை விருட்டென்று மேலே போய்ப் பெட்டியை நிறுத்தியது.

கை கீழே வர மறுத்தது. எடுத்தால் பெட்டி தலையில் விழும்.

அவள் மெதுவாக இறங்கி, கோணமானியை எடுத்து அவர் தோளில் வைத்தாள். “நூத்தி எழுபது. இந்த வயசுக்குப் பரவாயில்லை.”

அவர் பெட்டியைப் பரணுக்குள் தள்ளினார். “மூணாவது வாரமே சரியாயிடுச்சும்மா. உன்கிட்ட சொல்லாம...”

“ரெண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை” என்று அவள் திருத்தினாள். “எந்த மூட்டும் அஞ்சு மாசம் சரியா தொண்ணூறுலயே நிக்காது. சர்வேயர் கைதான் நிக்கும்.”

“தெரிஞ்சேவா எழுதினே?”

“கையைப் பிடிச்சுத் தூக்கினவளுக்குத் தெரியாதா, மூட்டு தடுக்குதா, ஆள் தடுக்கறாரான்னு?” அவள் கோணமானியை மடக்கினாள். “உள்ளதை எழுதியிருந்தா, அடுத்த திங்கட்கிழமை நீங்க வந்திருக்க மாட்டீங்களே.”