ஈயம் பார்க்கிற துப்பாக்கி

லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் டயானா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

முதலாளி சம்பந்தம் நீட்டிய பேனாவோடு நின்றார். ஆரணியில் சொந்தக்காரர்கள் எல்லாம் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருக்க, தறியில் டிசைன் போடும் எந்திரத்துக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்யப்போகிறேன் என்று கிளம்பியவர் அவர். இப்போதுதான் முதல் முறையாக ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. அங்கே போகிற பொருளில் ஈயம், பாதரசம் மாதிரியான சமாசாரங்கள் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பதற்கென்றே டயானாவை வேலைக்கு வைத்திருந்தார்.

அவள் கையில் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த ஒரு கருவி. பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். எதன் மேலாவது வைத்து அழுத்தினால், அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டிவிடும். சிவப்பு ஒயரின் உறையில், இருக்கலாம் என்கிற அளவைப்போல மூன்று மடங்கு ஈயம் என்று காட்டியது.

"ஒயர் குடுத்தவன் ஈயமே இல்லைன்னு சர்டிபிகேட் குடுத்துக்கிறான்மா," என்றார் சம்பந்தம்.

"சர்டிபிகேட்ல இல்லதான் சார். ஒயர்லதான் இருக்கு."

எல்லாம் பெட்டிக்குள்ளே மறைந்து கிடக்கிற ஒயர், அதை யார் கடித்துத் தின்னப்போகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார். பழசானதும் அதைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் புகை யார் மூக்கில் போகும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

கட்டி வைத்த பெட்டிகளை எல்லாம் பிரித்தார்கள். சால்டரிங் செய்யும் பெண்கள் சிவப்பு ஒயர்களைக் கழற்றி வேறு ஒயர் வைக்க உட்கார்ந்தார்கள். இந்தம்மாவோடு ஒரே பேஜார் என்று சரண்யா முணுமுணுத்தது டயானா காதிலும் விழுந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சரண்யாவேதான் வந்து, இந்தத் துப்பாக்கிக்கு வெள்ளி தெரியுமா என்று கேட்டாள். தெரியுமே என்றாள் டயானா.

ஆரணியில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நிமிடம் மேஜையில் கொலுசும் மெட்டியுமாகக் குவிந்துவிட்டது. டயானா ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். சரண்யாவின் புருஷன் ஆசையாக வாங்கித் தந்த கொலுசில் பாதிகூட வெள்ளி இல்லை. அதையும் அப்படியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று சரண்யா அன்றைக்கு முழுவதும் பொருமிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம், சரண்யாவுக்குப் பக்கத்தில் சால்டரிங் செய்கிற கற்பகத்தின் நாத்தனார் ஹேமலதா கம்பெனிக்கே வந்துவிட்டாள். துப்பாக்கி விஷயத்தைக் கற்பகம் வீட்டில் சும்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். நாத்தனார் கையில் இருந்தது கற்பகத்தின் கல்யாணப் புடவை. பின்னாலேயே கற்பகம், சால்டரிங் புகையில் சிவந்த கண்ணோடு நின்றாள்.

பழைய ஜரிகைப் புடவையை வாங்கி, கொளுத்தி, வெள்ளி எடுக்கிறவன் ஒருவன் வருகிறானாம். தம்பியிடம், அதாவது கற்பகத்தின் புருஷனிடம், பேசி முடித்தாயிற்றாம். தன் பையனுக்கு பைக் வாங்க ஆகும் என்றாள் ஹேமலதா.

"எவ்ளோ வெள்ளி கீதுன்னு பார்த்துச் சொல்லுங்க மேடம். தெரியாம போனா அவன் ஏமாத்திடுவான். எப்படியும் இது பீரோவுல சும்மா தூங்கிகினு கீது."

"எங்கப்பா கடைசியா நெய்ஞ்சது அண்ணி," என்றாள் கற்பகம்.

"அதையே எத்தினி நாளைக்குச் சொல்லிகினு இருப்ப?"

டயானா புடவையை மேஜையில் விரித்தாள். ஜரிகைக் கரையின் மேல் கருவியை வைத்து அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் வைத்து மறுபடியும் பார்த்தாள்.

"செம்புங்க," என்றாள். "மேல முலாம்தான். கொளுத்தினா கையில ஒண்ணும் நிக்காது."

ஹேமலதா புடவையைச் சுருட்டிக் கற்பகத்தின் மேல் போட்டாள். நெசவுக்காரர் வீடு என்று பெருமையாகச் சொன்னார்களே, பெற்ற பெண்ணுக்கே இப்படி ஒரு புடவையா என்று, வாசல் வரை சொல்லிக்கொண்டே போனாள்.

கற்பகம் புடவையைப் பைக்குள் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கூடம் முழுவதும் டயானாவை முறைத்தது.

சம்பந்தம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒயருக்குச் சொல்கிற மாதிரி மனுஷர்களுக்குச் சொல்லக் கூடாது, செத்துப் போனவரைப் பற்றி அந்தப் பெண் இத்தனை பேர் எதிரில் கேட்கவேண்டிய பேச்சா அது என்றார். டயானா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நேராகக் கற்பகத்தின் மேஜைக்குப் போய், அவள் முன்னால் இருந்த போர்டின் மேல் குனிந்தாள்.

இதிலும் குற்றம் கண்டுபிடிக்க வந்துவிட்டாள் என்று பக்கத்தில் இருந்த சரண்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சால்டர் சரியில்லையா மேடம்?" என்றாள் கற்பகம், நிமிராமலே.

"நல்லாத்தான் இருக்கு." டயானா இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "உங்கப்பா போட்டது அவ்வளவும் வெள்ளி. வீட்ல மட்டும் அது செம்பாவே இருக்கட்டும்."