ஒரு தப்பும் இல்லாத வாக்கியம்

மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஆழமான குழிக்குள் ஓர் அணில் விழுந்துவிட்டது. ஏற ஏறச் சேறு வழுக்கியது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது.

"காப்பாத்துங்க!" என்று அலறியது.

குழிக்கு மேலே, டியூஷன் வாத்தியார் வீட்டில் வளர்ந்த கிளி ஒன்று கிளையில் உட்கார்ந்திருந்தது. "இப்படிக் கத்தினா எவன் மதிப்பான்? இங்கிலீஷ்ல கேளு, ஓடி வருவாங்க."

"ஹெல்ப்!"

"வெறும் ஹெல்ப்பா? யாருக்கு?"

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. "ஹெல்ப் மீ!"

"அதட்டுற மாதிரி இருக்கு. ப்ளீஸ் எங்கே? முழு வாக்கியமாச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து ஓர் எருமை அந்த வழியாக வந்தது. வாலைக் குழிக்குள் தொங்கவிட்டால் போதும், அணில் பிடித்து ஏறிவிடும். அணில் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "கேன் யூ ப்ளீஸ் ஹெல்ப் மீ?" என்றது.

"பிரமாதம்! ஒரு தப்பு இல்லை!" கிளி சிறகடித்துக் கொண்டாடியது.

எருமை நின்று காதைத் திருப்பியது.

"யாரோ படிச்சவங்க பேசிக்கிறாங்க. நமக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அவர்கள்மேல் சேறு தெறித்துவிடாமல் மரியாதையாக ஒதுங்கி நடந்தது.